பிஸ்கட் டின்னில் தலைகள்

கத்தரிக்கோல் ஈரமாக வந்தது.

தாஸிம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் வெட்டியது, இருபது வருடத்துக்கு மேல் காய்ந்து முறுகிக் கிடந்த பழைய கொமிக் புத்தக அட்டை. அப்பளம்போல நொறுங்கியிருக்க வேண்டும். ஆனால் அட்டைப் படத்தில் சேற்றுக்குள்ளிருந்து எழுந்து வரும் பச்சைக்காரனின் கழுத்தில் கத்தரிக்கோலை வைத்து அழுத்தியபோது, காகிதம் காகிதம்போல வெட்டுப்படவில்லை. கோழித்தோலை நறுக்குவதுபோல வழுக்கி, இழுபட்டு, பிறகு மனமில்லாமல் விட்டுக்கொடுத்தது. அலகில் வடிகஞ்சிபோல ஏதோ படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தான். முகர்ந்திருக்கக் கூடாது. பூச்சாடியில் ஒரு கிழமை நின்ற தண்ணீரும் நாயின் வாயும் சேர்ந்த ஒரு வாடை மூக்கில் ஏறித் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

கட்டுகஸ்தோட்டையில் மழைக்காலத்தில் எதுதான் ஈரமில்லை என்று அவன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். பின்னால் ஆறு, முன்னால் வீதி, நடுவில் மேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடு. அலுமாரிக்குள் வைத்த சட்டையே பூஞ்சணம் பிடிக்கிறது. உப்புப் போத்தல் தண்ணீர் விடுகிறது. பழைய அட்டை மட்டும் என்ன விதிவிலக்கா? கத்தரிக்கோலை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். அது கண்டியில் அவன் வேலை செய்யும் துணிக்கடையின் கத்தரிக்கோல். எத்தனையோ கல்யாணத்துக்குப் பட்டு வெட்டியது. இன்றைக்குத் தலை வெட்டுகிறது. பச்சைக்காரனின் தலையை இரண்டு விரலால் தூக்கி, மேசையிலிருந்த பிஸ்கட் டின்னுக்குள் போட்டான். விழுந்த சத்தம் காகிதத்தின் சத்தம்போல இல்லை.

அதுதான் கடைசித் தலை. செவ்வாய்க்கிழமை மனைவி குல்சும் குழந்தையோடு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை பின்நேரமே வேலை முடிந்துவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

இந்தத் தலைகளின் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். தாஸிமின் வாப்பாவுக்கு அக்குறணையில் மிளகு, கராம்பு, சாதிக்காய்க் கடை. சாமான் சுற்றிக் கொடுக்க வெளிநாட்டுக் கழிவுத்தாள் பொதி பொதியாக வரும். பொதியைப் பிரித்தால் பழைய பத்திரிகைகளுக்கு நடுவே இந்தப் பேய்க்கொமிக் புத்தகங்கள் செருகிக் கிடக்கும். உள்ளே இருந்த கதைகள் எல்லாம் மிளகைச் சுற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டன. அட்டைகளை மட்டும் தாஸிம் உருவி எடுத்து மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஆக, அவன் ஒரு கதையைக்கூட வாசித்ததில்லை. அட்டைகளைப் பார்த்தே வளர்ந்தவன்.

என்ன அட்டைகள் அவை! வரைந்தவனுக்கு வெட்கம் என்பதே கிடையாது. எழுத்துகளுக்கே சளி பிடித்து ஒழுகும். பேய்களுக்குப் பல் இருக்க வேண்டிய இடத்தில் பல் இருக்காது. இருக்கக் கூடாத இடத்தில் மூன்று வரிசை இருக்கும். எலும்புக்கூட்டு மாப்பிள்ளை ஒருவன், கண்குழியில் புழு நெளிய, கழுத்தில் டை மட்டும் கோணாமல் கட்டியிருப்பான். இறைச்சிக் கடைக்காரன் ஒருவன் தன்னுடைய தலையையே தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருப்பான்; தராசிலிருக்கும் தலை, நிறை சரியா என்று எட்டிப் பார்க்கும். அச்சடித்தவன் அவசரக்காரன்போல, சிவப்பு உதட்டைத் தாண்டிக் கன்னத்துக்கு வழிந்திருக்கும், பச்சை முகத்தைவிட்டு ஒரு நூல் தள்ளி நிற்கும். அருவருப்பாக இருக்கும். பார்க்காமலும் இருக்க முடியாது. புண்ணின் பொருக்கை நகத்தால் நெம்பிப் பார்க்கும் சுகம் அது.

கல்யாணமாகி வந்த புதிதில் குல்சும் அவற்றைப் பார்த்து முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

"இந்த மஞ்சச் சட்டைக்காரிக்கு வேற சட்டையே இல்லையா? எல்லா அட்டையிலயும் இவதான் ஓடுற" என்றாள். "ஓடுறவ ரோட்டப் பாத்து ஓடத் தெரியாதா? நம்மளப் பாத்துக் கத்திக்கொண்டு ஓடுற. விழத்தான் வேணும்."

பிறகு அவளுடைய சிரிப்பு நின்றுபோயிற்று. முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். சுவரில் அவன் வரிசையாக ஒட்டிவைத்திருந்த அட்டைகள். அவள் அழவில்லை, ஏசவில்லை. அந்தப் பார்வையைத்தான் தாஸிமால் மறக்க முடியவில்லை. இரண்டாவது தடவை உண்டானபோது, பிள்ளைப் பேற்றுக்கு அக்குறணைக்குத் தன் உம்மா வீட்டுக்குப் போகும் நாளில்தான் வாயைத் திறந்தாள்.

"உருவங்கள் ஈக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க. இப்புடியான மூஞ்சிகள் ஈக்கிற வீட்டுக்கு ஆர் வருவாங்க?" என்றாள். "நான் புள்ளையோட வரக்குள்ள இந்த வீட்டில ஒரு மூஞ்சி ஈக்கப்படா. ஈந்தா, நான் வாசலோட திரும்பிப் போய்டுவன். மெய்யாத்தான் சொல்ற."

அவள் சொன்னால் செய்கிறவள். ஆனால் அட்டைகளைக் கிழித்துப் போடவும் தாஸிமுக்கு மனம் வரவில்லை. ஊசலாடிக்கொண்டு நின்றவனுக்கு, எப்போதோ வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கேட்ட ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. தலை இல்லாவிட்டால் அது உருவம் இல்லையே? அதைக் குல்சுமுக்குச் சொல்லி அனுப்பினான். அவள் பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லி அனுப்பினாள். தலையை வெட்டினால் போதும், மிச்சத்தை வைத்திருக்கலாம். ஆனால் வெட்டிய தலையை வீட்டில் வைக்க வேண்டாம், அன்றன்றைக்கே வெளியாக்கிவிட வேண்டும்.

தாஸிம் முதல் பாதியைக் கேட்டான், இரண்டாம் பாதியைக் கேட்காததுபோல விட்டுவிட்டான். தலைதானே அட்டையின் உயிர்? முண்டத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா? வெட்டிய தலைகளை அவன் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடி, அலுமாரிக்கு மேல் வைத்தான். குல்சும் வருவதற்குள் கடைக்குக் கொண்டுபோய் ஒளித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. ஒவ்வொரு நாளும் வேலைவிட்டு வந்து சில தலைகள். உள்ளே என்ன நடக்கிறதென்று குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. மூடியைக் கொஞ்சம் தூக்குவான், போடுவான், மூடுவான்.

இன்றைக்குக் குனிந்து பார்த்தான்.

தலைகள் தனித்தனியாக இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாகி, டின்னின் மூலையில் நான்கு நாள் பழசான சோற்றுக்கட்டிபோல ஒட்டிக் கிடந்தன. எலும்புக்கூட்டின் தாடை மஞ்சள் சட்டைக்காரியின் நெற்றியில் புதைந்திருந்தது. பசை போடவில்லை, தண்ணீர் படவில்லை. உருண்டையின் மேல் மெல்லிய வழவழப்பு ஒன்று, காலையில் நாக்கில் படிந்திருக்குமே, அந்த வெள்ளைபோல. தாஸிம் ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தான். குச்சி உள்ளே போயிற்று. எடுத்தபோது நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மத்தியானம் தின்ற பாணும் சம்பலும் நெஞ்சுவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கின.

மேசையில் கிடந்த முண்டங்கள் அவனைப் பார்த்தன என்று சொல்ல முடியாது. பார்க்க அவற்றுக்கு ஏது தலை? ஆனால் சிரிப்பு மூட்டிய அட்டைகள் எல்லாம் இப்போதுதான் மெய்யாகவே பயமாக இருந்தன. தலைகளைக் கடைக்குக் கொண்டுபோகும் எண்ணம் அந்த நிமிடத்திலேயே செத்துப்போயிற்று. இவை தொலைய வேண்டும். இன்றைக்கே. குல்சும் முகரக்கூடாது, பார்க்கக்கூடாது. அந்தக் குழந்தை இந்த வாடையை ஒரு மூச்சுக்கூட இழுக்கக்கூடாது. இதுவரை ஒரு தடவைதான் பிள்ளையைப் பார்த்திருக்கிறான். உள்ளங்கை அகலத் தலை, அதில் பூனை மயிர்போல முடி, உறக்கத்தில் கோணும் வாய்.

முதலில் எரிக்கத்தான் பார்த்தான். வெளியே மழை கொட்டியதால் குசினித் தாழ்வாரத்தில் ஒரு உடைந்த சட்டியை வைத்து, உருண்டையைக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்தான். மண்ணெண்ணெய் எரிந்தது. உருண்டை எரியவில்லை. கொழுப்பு உருகுவதுபோலச் சிடுசிடுத்தது, ஓரங்கள் சுருங்கின, மஞ்சளாக ஒரு நெய் சட்டியின் விரிசல் வழியாகக் கசிந்தது. புகை எழும்பி மேலே போகாமல் தாழ்வாரத்திலேயே தவழ்ந்தது. ஆட்டுத்தலை வாட்டும்போது வருமே, அந்த நாற்றம். அதோடு வேறொன்றும் இருந்தது, இனிப்பாக, அழுகிய பலாச்சுளைபோல. தாஸிம் தோளில் கிடந்த துவாயை மூக்கில் வைத்து அழுத்தினான். நாற்றம் துவாய்க்கும் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அவன் வாய்க்குள்ளிருந்தே வருவதுபோல இருந்தது.

"தம்பி! தாஸிம் தம்பி!" என்று பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒரு குரல். நகரசபையில் வேலை செய்யும் அழகரின் மனைவி புஷ்பம், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "என்னாங்க தம்பி இது, தலமயிரு கருகுற வாசம் வருது? எங்க வீட்டுக்காரரு சோத்துல கைய வச்சவரு அப்புடியே எந்திரிச்சுட்டாரு. ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?"

"ஒன்டுமில்ல அக்கா. எலி ஒன்டு. அணைச்சிடுற" என்றான் தாஸிம்.

"எலியவா எரிக்கிறீங்க? அட கருமமே! பொதைச்சு விடுங்க தம்பி."

புதைப்பதற்கு எங்கே போவது? வீட்டைச் சுற்றி மண் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. புதைத்தால் விடிவதற்குள் வாசலுக்கே வந்துவிடும். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கடையில் பழைய தாளை ஊறவைத்துக் காய்ச்சிக் கூழாக்கி, துணி உடுத்தி நிறுத்தும் பொம்மைக்குக் கை கால் செய்வார்கள். காய்ச்சிய தாளில் எழுத்தும் இருக்காது, படமும் இருக்காது. கூழுக்கு ஏது மூஞ்சி? கூழாக்கிவிட்டால் இவை தலைகளே இல்லை. பிறகு கொண்டுபோய் ஆற்றில் ஊற்றிவிடலாம். குல்சுமுக்குக் கொடுத்த வார்த்தையும் காப்பாற்றப்படும். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

குசினியில் பெரிய பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் அதை ஏற்றித் தண்ணீர் நிரப்பி, உருண்டையை இரண்டு அகப்பையால் தூக்கி உள்ளே இறக்கினான். கையில் பட்டது. சூடாக இருந்தது, எரித்த சூடு இல்லை, காய்ச்சல்காரன் நெற்றியின் சூடு.

தண்ணீர் சுடச்சுட உருண்டை அவிழ்ந்தது. தலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்தன. பச்சைக்காரன் வந்தான். மஞ்சள் சட்டைக்காரி வந்தாள். தராசுத் தலை வந்தது. எல்லாம் முகம் மேலே இருக்க மிதந்தன. ஒன்றுகூடக் குப்புற விழவில்லை. அச்சு மை கரைந்து தண்ணீர் முதலில் பச்சையாகி, பிறகு புண்தண்ணீர்போலச் செம்மஞ்சளாகி, பிறகு ஒன்றுமில்லாத சாம்பலாயிற்று. கொதி வந்தபோது வாய்கள் திறந்து மூடின. திறந்து மூடின. கொதிக்கிற தண்ணீரில் எதுவும்தான் அசையும் என்று அவன் வாய்விட்டே சொன்னான். சொல்லிவிட்டு அகப்பையை எடுத்து நசுக்கத் தொடங்கினான்.

காகிதம் கூழாகும் சத்தம் அவனுக்குத் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை. மூக்கெலும்பு முறிந்தது. காது ஒன்று அகப்பையைச் சுற்றிக்கொண்டு வழுக்கியது. அவன் பற்களைக் கடித்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, கிண்டினான், மசித்தான், கிண்டினான். எல்லாம் கரைந்த பிறகும் ஒரு கண் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அதை அடியில் வைத்து அழுத்தினான். பிசுக்கென்றது. விரல்வழியாகத் தோள்வரை கூசிற்று.

பிறகு வாடை மாறியது. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. நாற்றமாகவே இருந்திருந்தால் தேவலை. மாட்டெலும்பை உடைத்துப் போட்டு, மிளகும் மல்லியும் தட்டி, நீண்ட நேரம் காய்ச்சியதுபோல மணத்தது. மேலே எண்ணெய் வட்டங்கள் மின்னின. அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நிற்கும் காலம். எலும்புச் சூப்பு மணத்து எத்தனை மாதமோ. தாஸிமின் நாக்கடியில் எச்சில் ஊறியது. ஊறியதை உணர்ந்ததும் அவன் ஓடிப்போய்த் தாழ்வாரத்து ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தான். வெறும் வயிறாகும்வரை எடுத்தான். நிமிர்ந்தபோது வாய் மறுபடி ஊறியது. தன் நாக்கையே வெட்டி எறியலாம்போல இருந்தது அவனுக்கு.

வேலிக்கு மேலால் புஷ்பத்தின் முகம் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை மூக்கைப் பொத்தவில்லை.

"சூப்பு வைக்கிறீங்களா தம்பி? இந்தப் பஞ்சத்துல எலும்பு எங்க கெடச்சுச்சு?" என்று மழைக்கு மேலால் கத்தினாள். "குல்சும் தங்கச்சிக்கா? பரவாயில்லையே! பிள்ள பெத்தவளுக்கு இதவிட வேற என்னா வேணும். எங்க வீட்டுல உள்ளதுக்கு சுடுதண்ணி வைக்கத் தெரியாது."

தாஸிம் தலையை ஆட்டினான். ஆமென்றும் இல்லாமல் இல்லையென்றும் இல்லாமல். அடுப்பை அணைத்தான். பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். முகம் இல்லை, கண் இல்லை, ஒன்றுமில்லை. வழவழவென்று ஒரு சாம்பல் கூழ், அமைதியாக. பெருமூச்சு விட்டான். கொதிக்கக் கொதிக்கத் தூக்கிக்கொண்டு வழுக்குப் படியில் இறங்க முடியாது. ஆறட்டும். அதற்குள் டின்னைத் தொலைத்துவிட்டு வரலாம்.

டின்னை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படிகளில் இறங்கினான். ஆற்றங்கரைக்கு முன்னால் பொதுத் தண்ணீர்ப் பைப்பு. உள்ளே ஒட்டியிருந்த தோல்போன்றதைச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தான். தோல் உரிந்தது. அடியில் தகரம் தெரிந்தது. தகரத்தில் பிறைபிறையாக அடையாளங்கள். ஒரு இடத்தில் மட்டும் இல்லை, சுற்றிவர, ஒன்றின்மேல் ஒன்றாக. சின்னச் சின்னப் பற்கள் உள்ளேயிருந்து கடித்துக் கடித்துப் பார்த்த தடம்.

அவன் டின்னைத் தண்ணீருக்குள் விசிறி எறிந்தான். கலங்கிப் பெருகி ஓடிய மகாவலி அதை ஒரு சுழிக்குள் இழுத்துக்கொண்டது. கையைக் கழுவினான். மறுபடி கழுவினான். சவர்க்காரம் இல்லாததால் மண்ணை எடுத்துத் தேய்த்தான். விரலிடுக்கிலிருந்து அந்தச் சூப்பு மணம் போகவே இல்லை. எவ்வளவு நேரம் அங்கே குந்தியிருந்தான் என்று அவனுக்கே தெரியாது. மழைச் சத்தத்தில் மேலே வீதியில் ஒரு வேன் வந்து நின்றதும், திரும்பிப் போனதும் அவனுக்குக் கேட்கவில்லை.

படியேறி வந்தபோது தாழ்வாரத்தில் ஒரு சோடிச் செருப்பு. ஈரமாக. பக்கத்தில் குழந்தைத் துணி மூட்டை.

உள்ளேயிருந்து குல்சுமின் குரல் வந்தது.

"எங்க போன நீங்க, கதவத் தொறந்து போட்டிட்டு? மர்சூக் நானாட வேன் நாளைக்கும் மறுநாளும் வேற பயணமாம். அதான் இன்டைக்கே கூட்டிக்கொண்டு வந்து வுட்ட. மழைக்குப் பயந்து அவர் அப்புடியே போய்ட்டாரு."

அவன் குசினி வாசலில் நின்றான்.

அவள் கதிரையில் இருந்தாள். மடியில் குழந்தை. முன்னால் பீங்கான் கோப்பை. காலி. அடுப்பின் மேல் பாத்திரம் சரிந்து கிடந்தது. அடியில் பிடித்ததைக்கூட அகப்பையால் வழித்த கோடுகள்.

"குல்சும்" என்றான்.

"புஷ்பக்கா வாசலிலேயே சென்ன. ஒங்க வீட்டுக்காரரு ஒங்களுக்காக சூப்பு காச்சுறாருன்டு. நான் நம்பல்ல." அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. எத்தனை காலத்துக்குப் பிறகு! "நாப்பது நாளா உம்மா தந்த கருவாட்டுத் தண்ணியும் மருந்துச் சரக்கும் குடிச்சி நாக்கே செத்துப்போச்சி. நீங்க வாற வரைக்கும் ஈக்கத்தான் பாத்த. மணத்துக்குத் தாங்க ஏலல்ல. ஒங்களுக்கும் கொஞ்சம் வெச்சீக்கலாம். மறந்தே போய்ட்ட."

"எல்லாத்தையுமா?" என்றான்.

"எல்லாத்தையும்தான். ஏசப் போறீங்களா?"

துப்பு, வாந்தி எடு, விரலை விடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். எல்லாம் அவன் வாய்வரை வந்தன. என்னவென்று சொல்லித் துப்பச் சொல்வது? நீ குடித்தது அந்தத் தலைகள் என்றா? சுவரைப் பார்த்த அந்தப் பார்வையை மறுபடி பார்க்க அவனால் முடியாது. அதோடு அவள் முகத்தில் நிறைவு இருந்தது, கன்னம் சிவந்திருந்தது. காகிதம்தானே, என்று நினைத்தான். காகிதமும் மையும். நாளைக்கு வெளியே போய்விடும். அப்படி நினைத்துக்கொண்டு, கோழை, அவன் சரிந்து கிடந்த பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தான்.

"சுவரெல்லாம் துப்புரவாக்கீக்கிறீங்க. பாத்த" என்றாள் அவள். "தலயெல்லாம் வெளியாக்கின தானே?"

"ம்."

"எனக்குத் தெரியும் நீங்க செய்வீங்கன்டு."

பள்ளிவாசலிலிருந்து அந்தி மஃரிப் பாங்கு மழைக்குள் கரைந்து வந்தது. குல்சும் அறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். குழந்தை சிணுங்கியது. முந்தானையை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள். கரண்ட் போயிருந்ததால் தாஸிம் சிம்னி விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுக் கட்டிலோரமாக உட்கார்ந்தான். சப்பும் சத்தம் கேட்டது. சின்ன, ஒழுங்கான, ஈரச் சத்தம். இரண்டு சப்பு, ஒரு விழுங்கல். அதைக் கேட்கக் கேட்க அவனுக்கு நெஞ்சு மெல்ல இளகியது. பிள்ளை பால் குடிக்கிறது. பெற்றவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். வீடு துப்புரவாக இருக்கிறது.

"நல்லாக் குடிக்கிறா என்ன" என்றாள் குல்சும், கண்ணைத் திறக்காமலே. "இப்புடி ஒரு நாளும் குடிச்சதில்ல. எனக்கு உள்ளுக்கெல்லாம் இழுக்கிற."

அவன் குழந்தையைப் பார்க்கக் குனிந்தான்.

குழந்தை முந்தானைக்கு வெளியே இருந்தது. தாயின் கைமடிப்பில் தலை சாய்ந்து, முகம் விளக்குப் பக்கம் திரும்பி, எப்போதோ உறங்கிவிட்டிருந்தது. வாய் மூடியிருந்தது. உதட்டோரத்தில் ஒரு துளி பால் காய்ந்திருந்தது.

சப்பும் சத்தம் நிற்கவில்லை.

முந்தானை அசைந்தது. நெஞ்சுக்குக் கீழே, வயிற்றின் மேல். ஒரு இடத்தில் துணி உள்ளே இழுபட்டுக் குழிந்தது. விட்டது. குழிந்தது. பக்கத்தில் இன்னொரு குழி. விலாவில் ஒன்று. இடுப்பில் ஒன்று. தொண்டைக்குழிக்கு அடியில் ஒன்று. ஈரம் துணியில் வட்டம் வட்டமாக ஊறி வந்தது. ஒன்றுக்கொன்று சேராமல், அவசரமாக, பசியோடு, எல்லாம் சப்பின.

குல்சும் உறக்கத்தில் சிரித்து, முந்தானைக்கு மேலால் அவற்றை மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.